127 கட்டங்களை எதை நம்பி நிரப்புவது? மகளிர் கிராண்ட்ஸ்லாம் கணிப்பு முறைகள்: ஓர் ஒப்பீடு

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளுக்கு கிராண்ட்ஸ்லாம் என்று பெயர்: ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன். அதில் ஒன்றின் மகளிர் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். ஏழு சுற்றுகள், 127 ஆட்டங்கள். யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை வெளியாகி முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். நண்பர்களோடு கணிப்புப் போட்டி வைத்துக்கொள்கிறவர்கள் அதற்குள் எல்லாக் கட்டங்களிலும் ஒரு பெயரை எழுதியாக வேண்டும். நான் பல வருடமாக இதைச் செய்து வருகிறேன். ஆண்கள் அட்டவணை சீக்கிரம் நிரம்பிவிடும். மகளிர் அட்டவணையில்தான் பேனா நின்று நின்று போகும்.

அதற்குக் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒரு செட்டை வெல்ல 70% வாய்ப்புள்ள ஒருவர் மூன்று செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 78%. அதே ஆள் ஐந்து செட் ஆடினால் அது 84% ஆகிவிடும். கிராண்ட்ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட், மகளிருக்கு மூன்று. சரிந்த பிறகு மீண்டு வர அவகாசம் குறைவு, அதனால் ஒவ்வொரு கேமுக்கும் கனம் அதிகம். பார்க்கிறவருக்கு இது வரம், கணிக்கிறவருக்குச் சோதனை.

சரி, எதை நம்பி எழுதுவது? தரவரிசை, நேருக்கு நேர் வரலாறு, எலோ புள்ளிகள் (யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்று பார்த்துத் தரும் எண்), பந்தயச் சந்தை, சொந்தக் கண் என்று ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஐந்தையும் வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். ஆடுகளத்தின் தரையையும் (கடினத் தரை, களிமண், புல்) கணக்கில் எடுக்கும் எலோவை அடித்தளமாக வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் அதை விட்டு விலகுவதுதான் நல்ல வழி என்பது என் முடிவு. ஏன் அந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

தரவரிசை எதை அளக்கிறது?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். தரவரிசையில் மேலே இருப்பவர் ஜெயிப்பார் என்று எழுதிக்கொண்டே போகலாம், பத்து நிமிடத்தில் வேலை முடியும். அப்படி எழுதினால் பாதிக்கு மேல் சரியாகவும் வரும். ஆனால் டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) தரவரிசை கணிப்பதற்காக உருவானது அல்ல. யாரைப் போட்டியில் சேர்ப்பது, யாருக்குத் தரநிலை (வலுவானவர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி அட்டவணையில் பிரித்து வைக்கத் தரும் எண்) கொடுப்பது என்று தீர்மானிக்க உருவானது. கடந்த 52 வாரங்களில் எந்தப் போட்டியில் எந்தச் சுற்றுவரை போனார் என்று கூட்டிச் சொல்லும். கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2000 புள்ளி, இறுதியில் தோற்றால் 1300, அரையிறுதியில் தோற்றால் 780. யாரை வென்று அங்கே போனார் என்ற கேள்வியே அதில் கிடையாது.

2021 அமெரிக்க ஓபனில் லேலா பெர்னாண்டஸ் நடப்பு சாம்பியன் நவோமி ஒசாகா, ஏஞ்சலிக் கெர்பர், எலினா ஸ்விடோலினா, இரண்டாம் நிலை அரினா சபலென்கா என்று நான்கு பேரை வரிசையாகச் சாய்த்து இறுதிக்கு வந்தார். அவருக்குக் கிடைத்ததும் 1300 புள்ளிதான். எதிரில் பெரிய பெயர் எதுவும் வராமல் இறுதிக்குப் போகிறவருக்கும் அதே 1300தான்.

தரவரிசையின் குருட்டுப் புள்ளி எவ்வளவு பெரிது என்று காட்ட எலினா ரைபாகினாவின் கதையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளுக்குத் தடை விதித்தார்கள். பதிலுக்கு டபிள்யூடிஏ அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகளே இல்லை என்று அறிவித்தது. ரைபாகினா கோப்பையை வென்றார், ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஆறு மாதம் கழித்து 2023 ஆஸ்திரேலிய ஓபனுக்கு அவர் வந்தது 22-ம் தரநிலையோடு. 17 முதல் 24 வரை உள்ளவர்கள் மூன்றாம் சுற்றிலேயே 9 முதல் 16 வரை உள்ள ஒருவரைச் சந்திக்கும்படிதான் அட்டவணை அமையும். அதைத் தாண்டினால் நான்காம் சுற்றில் முதல் எட்டுப் பேரில் ஒருவர் காத்திருப்பார். அவருக்குக் காத்திருந்தவர் உலகின் முதல் நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக். தரவரிசையை நம்பியவர்கள் எல்லோரும் ஸ்வியாடெக் பெயரை எழுதியிருப்பார்கள். ரைபாகினா நேர் செட்டில் வென்று இறுதிவரை போனார்.

காயத்தாலோ மகப்பேற்றாலோ விலகியிருந்து திரும்புகிறவர்களிடமும் இதே கோளாறுதான். 2009-ல் கிம் கிளைஸ்டர்ஸ் தாயான பிறகு திரும்பி வந்தபோது அவருக்குத் தரவரிசையே கிடையாது. வைல்டு கார்டில் (போட்டி நடத்துகிறவர்கள் தரும் சிறப்பு அனுமதி) நுழைந்து அமெரிக்க ஓபனை வென்றார். 2018 விம்பிள்டனுக்கு வந்தபோது செரீனா வில்லியம்ஸின் தரவரிசை 183. போட்டி நடத்துகிறவர்கள் அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் அவருக்கு 25-ம் தரநிலை கொடுத்தார்கள், அவர் இறுதிவரை போனார். போட்டி நடத்துகிறவர்களே தரவரிசையை ஒதுக்கிவைத்த இடம் அது. நாம் மட்டும் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

நேருக்கு நேர் வரலாறு

தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கும் முன் திரையில் பெரிதாக வருவது இதுதான், அதனால்தான் மனதில் ஒட்டிக்கொள்கிறது. சில ஜோடிகளில் இது நூறு சதம் உண்மை பேசும். செரீனாவும் மரியா ஷரபோவாவும் 22 முறை மோதினார்கள். 2004-ல் இரண்டு முறை ஷரபோவா வென்றார். அதற்கப்புறம் ஒருமுறைகூட இல்லை, 19 தோல்விகள் தொடர்ந்து. தரவரிசையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த காலத்திலும் இந்த முடிவு மாறவில்லை.

ஆனால் பெரும்பாலான ஜோடிகள் இரண்டு மூன்று முறைதான் சந்தித்திருப்பார்கள். அதில் ஒன்று மூன்று வருடத்துக்கு முன், வேறு தரையில், ஒருவருக்கு 18 வயதாக இருந்தபோது நடந்திருக்கும். அந்த 2-0 எதையும் சொல்வதில்லை. 2015 அமெரிக்க ஓபன் அரையிறுதிக்கு முன் செரீனா ராபர்ட்டா வின்சியை நான்கு முறை சந்தித்து ஒரு செட்கூட இழக்காமல் வென்றிருந்தார். ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமையும் வெல்ல இன்னும் இரண்டே வெற்றி பாக்கி. முதல் செட்டையும் 6-2 என்று எடுத்தார். மற்ற இரண்டு செட்டையும் 6-4, 6-4 என்று வின்சி கொண்டுபோனார்.

இதில் நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். எண்ணுக்குப் பின்னால் ஆட்டத்தில் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நேருக்கு நேர் வரலாற்றைச் சேர்ப்பேன். யெலெனா ஒஸ்டாபென்கோ–ஸ்வியாடெக் ஜோடியில் அந்தக் காரணம் தெரிகிறது. ஒஸ்டாபென்கோ பந்தை எழும்போதே தட்டையாக, முழு வேகத்தில் அறைகிறவர். ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் சுழற்சி மிகுந்தது, சுற்றி வர நேரம் தேவைப்படுவது. அந்த நேரம் கிடைக்காமல் போய்விடுகிறது. 2023 அமெரிக்க ஓபன் நான்காம் சுற்றுக்கு முன் மூன்று முறையும் ஒஸ்டாபென்கோதான் வென்றிருந்தார். முதல் நிலையில் இருந்த நடப்பு சாம்பியனை நான்காவது முறையாகவும் வென்றார். அன்று மற்ற எல்லாக் கணக்கும் ஸ்வியாடெக் பக்கம் இருந்தது. ஆட்டத்தின் பாணியைப் பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் தயங்கினார்கள்.

எலோ: யாரை வென்றாய் என்று கேட்கும் கணக்கு

அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை இது. டென்னிஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருக்கும். இருவருடைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வெற்றி வாய்ப்பைச் சொல்லும். வித்தியாசம் 100 என்றால் மேலே இருப்பவருக்கு 64%, 200 என்றால் 76%, 400 என்றால் 91%. ஆட்டம் முடிந்ததும் தோற்றவரிடமிருந்து சில புள்ளிகள் வென்றவருக்குப் போகும். எத்தனை என்பதில்தான் இந்த முறையின் அழகு. ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 32 புள்ளி கைமாறலாம் என்று வைத்துக்கொண்டால், 200 புள்ளி மேலே இருப்பவர் ஜெயிக்கும்போது கிடைப்பது சுமார் 8. தோற்றால் இழப்பது சுமார் 24. எதிர்பார்த்தது நடந்தால் எண் மெல்ல நகரும், எதிர்பாராதது நடந்தால் தாவும்.

அதாவது பெர்னாண்டஸ் 2021-ல் செய்தது போன்ற ஓட்டம் எலோவில் உடனே பளிச்சென்று தெரியும். ரைபாகினாவின் விம்பிள்டன் வெற்றிகளும் தெரியும், ஏனென்றால் இந்தக் கணக்குக்கு ஆட்டத்தின் முடிவு போதும், டபிள்யூடிஏ புள்ளி கொடுத்ததா இல்லையா என்பது தேவையில்லை. ஜெஃப் சாக்மன் என்ற ஆய்வாளர் பல வருடமாக மகளிர் எலோ பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறார். அதனால் நாமே கணக்குப் போட வேண்டிய அவசியமும் இல்லை.

மகளிர் டென்னிஸில் பொது எலோவை மட்டும் எடுத்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். தரை என்ற ஒன்று இருக்கிறது. ஒசாகாவின் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் கடினத் தரையில் வந்தவை. களிமண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில் 2025 வரை அவர் மூன்றாம் சுற்றைத் தாண்டியதில்லை. 2022-ல் ஸ்வியாடெக் தொடர்ந்து 37 ஆட்டங்களை வென்று விம்பிள்டன் மூன்றாம் சுற்றுக்குள் வந்தார். அந்த 37-ல் 35 வெற்றி கடினத் தரையிலும் களிமண்ணிலும் கிடைத்தவை. விம்பிள்டனுக்கு முன் புல்தரையில் அவர் ஒரு பயிற்சிப் போட்டிகூட ஆடவில்லை. அலிசே கோர்னே 6-4, 6-2 என்று முடித்துவிட்டார். பொது எலோ அன்று ஸ்வியாடெக்கை வானத்தில் வைத்திருந்தது. அந்தந்தத் தரையில் ஆடியதை மட்டும் எடுக்கும் தரைவாரி எலோ அவ்வளவு துணிச்சலாகப் பேசியிருக்காது.

அதனால் பொது எலோவையும் அந்தத் தரைக்கான எலோவையும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துவது வழக்கம். நானும் அதையே செய்கிறேன். புல்தரைக்கு மட்டும் பொது எலோவின் பங்கைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். காரணம், பிரெஞ்சு ஓபன் முடிந்து விம்பிள்டன் தொடங்க நடுவே மூன்று வாரம்தான், வருடத்தில் ஒருவர் புல்லில் ஆடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். அவ்வளவு குறைவான ஆட்டங்களிலிருந்து வரும் எண் ஆடிக்கொண்டே இருக்கும். 2025-ல் ஸ்வியாடெக்கின் புல்தரை வரலாறு பெரிதாக எதையும் சொல்லவில்லை, விம்பிள்டனில் கால் இறுதிதான் அவருடைய உச்சம். அந்த வருடம் இறுதியில் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றார். விம்பிள்டனுக்கு முந்தைய வாரம் பாட் ஹோம்பர்கில் புல்தரையில் அவர் இறுதிவரை போயிருந்தார் என்ற ஒரு தகவலே, பழைய வரலாறு முழுவதையும்விட அதிகம் பேசியது.

எலோ தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். காயம்பட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தவரின் எண்ணைச் சாதாரண எலோ அப்படியே வைத்திருக்கும், துரு ஏறியது அதற்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்களையும் அதற்குத் தெரியாது. 2021 அமெரிக்க ஓபனுக்கு எம்மா ரடுகானு வந்தபோது பெரிய போட்டிகளில் அவர் ஆடியிருந்தது கொஞ்சமே. தகுதிச் சுற்றில் மூன்று, பிரதானச் சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டங்களையும் ஒரு செட்கூட விடாமல் வென்றார். 2025 பிரெஞ்சு ஓபனில் லோயிஸ் புவாசோன் 361-ம் இடத்தில் இருந்து, வைல்டு கார்டில் வந்து, ஜெசிகா பெகுலாவையும் மிர்ரா ஆண்ட்ரீவாவையும் வென்று அரையிறுதிக்குப் போனார். முந்தைய வருடம் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தவர். இப்படிப்பட்டவர்களை எந்த முறையும் முன்கூட்டிப் பிடித்துவிட முடியாது. அதற்காக முறையையே குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பந்தயச் சந்தையும் சொந்தக் கண்ணும்

பந்தய நிறுவனங்கள் வெளியிடும் விகிதத்தைத் தகவலாக மட்டும் படிக்கலாம். ஒருவருக்கு 1.25, எதிராளிக்கு 4.00 என்று இருந்தால், ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வாய்ப்பு வரும்: 80%, 25%. கூட்டினால் 105% வருகிறது பாருங்கள். அந்தக் கூடுதல் 5% நிறுவனத்தின் லாபம். இரண்டையும் 1.05-ஆல் வகுத்தால் சுமார் 76%, 24% கிடைக்கும். எலோவில் 200 புள்ளி வித்தியாசத்துக்குச் சமம். நேற்றுப் பயிற்சியில் ஒருவர் தொடையில் கட்டுப் போட்டிருந்தார், பயிற்சியாளர் மாறிவிட்டார், காற்று பலமாக வீசப்போகிறது என்பதெல்லாம் சந்தைக்கு உடனே எட்டிவிடும், எலோவுக்கு எட்டாது. ஒரு தனி ஆட்டத்தை மட்டும், அதுவும் அன்று காலையில் கணிக்க வேண்டும் என்றால் சந்தை எலோவைவிடச் சற்று மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் 127 கட்டங்களுக்கு அது அவ்வளவாக உதவாது. போட்டி தொடங்கும் முன் முதல் சுற்று ஆட்டங்களுக்கும் சாம்பியன் யார் என்பதற்கும்தான் விகிதம் இருக்கும். நான்காம் சுற்றில் இந்த இருவரும் சந்தித்தால் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. எலோவிடம் 128 பேரில் எந்த இருவரைப் பற்றியும் கேட்கலாம். அப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பணம் கட்டுவதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை, யாரையும் அந்தப் பக்கம் அனுப்பவும் விரும்பவில்லை. வீராங்கனைகளுக்கு இணையத்தில் வரும் வசவுகளில் சுமார் 40%, பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் அனுப்புவது என்று டபிள்யூடிஏவும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முதல் சுற்றில் தோற்று அழுதுகொண்டே அறைக்குப் போகும் 19 வயதுப் பெண்ணின் கைப்பேசியில் அது வந்து விழுகிறது. ஒரு கணிப்பு தவறியதற்காக அவளுக்கு அது நேரக் கூடாது.

சொந்தக் கண்ணைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிடித்தவர் ஜெயிப்பார் என்று கண் நினைக்கும், கடைசியாகப் பார்த்த ஆட்டத்தை மட்டும் ஞாபகம் வைக்கும். அசைவில் தயக்கம், சர்வ் வேகம் குறைவது, தோளைப் பிடித்துக்கொள்வது போன்ற உடல் நிலையை மட்டும் நம்பிக் கேட்கலாம்.

எந்த முறையை எந்தப் போட்டிக்கு?

உங்கள் போட்டியின் மதிப்பெண் முறையைப் பொறுத்துத்தான் இந்தத் தேர்வு. இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சதவீதம் எழுதும் போட்டி. வானிலைக் கணிப்புகளை அளக்க கிளென் பிரையர் 1950-ல் முன்வைத்த மதிப்பெண்தான் இதற்கு ஏற்றது. நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கினால் அபராதம் கிடைக்கும். 90% என்று சொல்லி அது நடந்தால் அபராதம் 0.01, நடக்காவிட்டால் 0.81. 60% என்று சொல்லியிருந்தால் 0.16 அல்லது 0.36. மிகையான நம்பிக்கைக்கு இங்கே பெரிய தண்டனை. இந்த வகைக்குத் தரைவாரி எலோவைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சந்தை விகிதம் கிடைத்தால் இரண்டுக்கும் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். எலோ 90%-க்கு மேல் சொன்னாலும் நான் 90-ல் நிறுத்திக்கொள்வேன்.

இன்னொன்று, முன்கூட்டியே முழு அட்டவணையையும் நிரப்பும் போட்டி. சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் இரட்டிப்பாகும்: முதல் சுற்றில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1, அடுத்து 2, 4 என்று போய் இறுதிக்கு 64. முதல் சுற்றின் 64 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னால் கிடைப்பது, சாம்பியனைச் சரியாகச் சொன்னால் கிடைப்பதற்குச் சமம். ஆகவே முதல் சுற்றில் அதிர்ச்சி முடிவுகளைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எலோ சொல்வதை எழுதிவிட்டு நகருங்கள். நேரம் முழுவதையும் கால் இறுதிக்கு மேல் செலவிடுங்கள்.

அங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 90% வாய்ப்புள்ளவர்கூட ஏழு ஆட்டங்களையும் வெல்ல 48%-தான். 85% என்றால் 32%. எனவே சாம்பியன் தேர்வு எந்த கிராண்ட்ஸ்லாம் என்பதைப் பொறுத்து மாற வேண்டும். பிரெஞ்சு ஓபனில் 2020 முதல் 2024 வரை ஐந்தில் நான்கு பட்டம் ஸ்வியாடெக்குக்கு. களிமண்ணில் பந்து மெதுவாக வரும், ரேலி நீளும், திறமை வித்தியாசம் வெளியே வர நேரம் கிடைக்கும். அங்கே எலோவில் முதலில் நிற்பவரைத் தயங்காமல் எழுதலாம். விம்பிள்டனில் 2017 முதல் 2025 வரை நடந்த எட்டுப் போட்டிகளில் எட்டுப் பேர் சாம்பியன்: முகுருசா, கெர்பர், ஹாலெப், பார்டி, ரைபாகினா, வோண்ட்ரூசோவா, கிரெஜ்சிகோவா, ஸ்வியாடெக். இதில் மார்கெட்டா வோண்ட்ரூசோவா 2023-ல் 42-ம் இடத்திலிருந்து, தரநிலை பெறாமலேயே வந்தவர். அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றார்.

விம்பிள்டனுக்கு நான் செய்வது இது. தரைவாரி எலோவில் முதல் ஐந்து பேரை எடுத்து, அவர்கள் அட்டவணையில் எந்தக் காற்பகுதியில் விழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மூன்று பேர் ஒரே பாதியில் சிக்கியிருந்தால், மறு பாதியில் தனியாக இருப்பவரையே சாம்பியனாக எழுதுவேன், அவர் எலோவில் நான்காவதாக இருந்தாலும் சரி. உங்கள் கணிப்புப் போட்டியில் ஐந்தாறு பேர்தான் என்றால் இந்தத் துணிச்சலும் வேண்டாம், எலோவில் முதலில் இருப்பவரே போதும். ஐம்பது பேர் இருந்தால் முதல் பெயரைப் பாதிப் பேர் எழுதியிருப்பார்கள், அதே பெயரை நீங்களும் எழுதி ஜெயித்தாலும் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்பீர்கள். அங்கே வாய்ப்பு கொஞ்சம் குறைந்தாலும் மற்றவர்கள் எழுதாத பெயருக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. கட்டங்களைப் பூட்டும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு விலகியவர்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். அட்டவணை வந்த பிறகு ஒரு பெரிய பெயர் விலகினால், பெரும்பாலும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்ற ஒருவர் அதிர்ஷ்டத்தில் அந்த இடத்துக்கு வருவார். அந்தக் காற்பகுதி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கும்.